உன் கம்யூனிட்டி என்ன?

டேகர்ஹார்ட் விளையாட்டின் சோதனை வடிவம் 2024 மார்ச்சில் இலவசமாகக் கிடைத்தது. முழுப் புத்தகம் 2025 மே 20 அன்று வெளியானது. நடுவே இருந்த 14 மாதங்களில், குருசுக்குப்பத்தில் ஞாயிறு மாலை கூடும் எங்கள் ஐந்து பேர் கோஷ்டி விளையாடியது கொஞ்சம், வாதாடியது நிறைய. அந்த இடைவெளியிலேயே, 2024 செப்டம்பரில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் வந்தது. ஒரு பக்கம் 1974இலிருந்து வருகிற பழைய பெருமாள், இன்னொரு பக்கம் புது வரவு. எது உசத்தி என்று எல்லா ஊர் ரசிகர்களும் அடித்துக்கொண்டார்கள், நாங்களும்தான். ஆனால் எங்கள் சண்டை ஒரு கட்டத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தத் திருப்பம்.

இந்த வகை விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “நான் அந்தக் கதவை உடைக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடையில் விழுந்த எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் திறன் எண்ணும் சேரும். நாவலில் எழுத்தாளர் ஒருவரே தீர்மானிப்பதை இங்கே வாயும் பகடையும் விதியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால் இந்த விதிப்புத்தகங்களை நான் இலக்கியப் பிரதியாகவே வாசிக்கிறேன். ஒரு உலகத்தில் யாரால் எது முடியும், யாரால் முடியாது என்று எண் போட்டு எழுதிவைத்திருக்கும் பிரதி அது. அதில் டிராகன் இருப்பதால் மட்டும் அது விமர்சனத்திலிருந்து தப்பித்துவிடாது.

முதலில் எண்களின் கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு பாத்திரத்துக்கு ஆறு திறன்கள்: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். மிக நீண்ட காலம் இவற்றில் கூடுதல் குறைச்சலைத் தீர்மானித்தது பிறப்பு. ஆரம்பப் பதிப்புகளில் மனிதரல்லாதவர்கள் பல தொழில்களில் ஒரு படிக்கு மேல் ஏறவே முடியாது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி ஆர்க்காகப் பிறந்தால் வலிமை இரண்டு கூடும். அறிவு இரண்டு குறையும், வசீகரம் இரண்டு குறையும். 2014 பதிப்பில் கழித்தல் போய்விட்டது, கூட்டல் மட்டும் நின்றது. பாதி ஆர்க்குக்கு வலிமையும் உடலுறுதியும், உயர்குல எல்ஃபுக்கு லாவகமும் அறிவும். எது யாருக்கு என்று பாருங்கள். விளக்கம் தேவையில்லாத வரிசை இது.

அமெரிக்க ரசிகர்களே இதைக் கேள்வி கேட்டார்கள். 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகம், அந்தக் கூடுதல் எண்களை விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ள அனுமதித்தது. 2022 டிசம்பரில் ‘ரேஸ்’ என்ற சொல்லையே கைவிட்டு ‘ஸ்பீஷிஸ்’ என்று மாற்றப்போவதாக விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அறிவித்தது. 2024 புத்தகத்தில் அது நடந்தும்விட்டது. இனி எந்த உயிரினமாகப் பிறந்தாலும் திறன் எண் மாறாது. எல்லாரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம், பக்கத்தைப் புரட்டும் வரை.

பிறப்பிலிருந்து எடுத்த எண்களை அவர்கள் தூக்கிப்போடவில்லை. இடம் மாற்றினார்கள். புதிய புத்தகத்தில் அவை ‘பேக்கிரவுண்ட்’ என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாத்திரம் சாகசத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தது, எப்படிப் பிழைத்தது என்பதுதான் பேக்கிரவுண்ட். மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, அந்த மூன்றுக்குள்தான் கூட்டிக்கொள்ள முடியும். விவசாயிக்கு வலிமை, உடலுறுதி, விவேகம். பிரபுவுக்கு வலிமை, அறிவு, வசீகரம். கடலோடிக்கு வலிமை, லாவகம், விவேகம்.

எங்கள் கோஷ்டியில் ஒருவனின் அப்பா கடலுக்குப் போகிறவர். அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஏன் மச்சான், கிரிமினலுக்கு அறிவு இருக்குது, வாட்ச்மேனுக்கு அறிவு இருக்குது, எங்க ஆளுக்கு மட்டும் இல்லியா?”

சிரித்தோம். ஆனால் அவன் சொன்னது அச்சில் இருக்கிறது. குற்றவாளிக்கும் காவலாளிக்கும் அறிவு கிடைக்கிறது. கடலோடிக்கும் விவசாயிக்கும் இல்லை. இதற்கு ஒரு பதிலும் உண்டு: இந்த விளையாட்டில் அறிவு என்றால் படிப்பறிவு, விவேகம் என்றால் கவனம், உள்ளுணர்வு, கடலோடிக்கு விவேகம் தந்திருப்பது மரியாதைதானே என்று. தமிழில் பட்டறிவு என்று அழகான சொல்லே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவினைதான் சிக்கல். கடலோடிக்குத் தரப்படும் வழிகாட்டும் கருவிகளை இந்த விதிப்புத்தகம் விவேகத்தின் கீழ் வைக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து நடுக்கடலில் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அதன்படி உள்ளுணர்வு. அதே நட்சத்திரத்தைப் பற்றி ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவனுக்கு அது அறிவு.

குருசுக்குப்பத்தில் நின்று இதைப் படிக்கும்போது கோபம் வரும். 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர் மணலை மறித்ததால்தான் அதற்கு வடக்கே கரை அரித்துப்போய், படகு ஏற்ற மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. ஏன் அப்படி ஆனது? வருஷத்தில் பெரும்பகுதி நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் திரும்பும். போகிற மணலைக் குறுக்கே மறித்தால் மறுபக்கம் கரை பட்டினி கிடக்கும். இதைக் கடற்பொறியியல் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம், வலை விரித்தும் தெரிந்துகொள்ளலாம். காரணம் கண்டு, விளைவைக் கணக்கிட்டுச் சொல்வதற்குப் பெயர் உள்ளுணர்வு இல்லை.

அமெரிக்க வடிவமைப்பாளர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஊரில் ‘பிறப்பு’ ஒரு பக்கம், ‘தொழில்’ ஒரு பக்கம். தொழில் என்பது ஒருவர் தேர்ந்தெடுப்பது. ஆகவே எண்ணைப் பிறப்பிலிருந்து தொழிலுக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. நம் ஊரில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே சுவரே கிடையாது. பிறப்பால் தொழில், தொழிலால் குணம், குணத்தால் தகுதி என்று ஒரு ஏற்பாட்டை நூற்றாண்டுகளாக நடத்திக்காட்டியவர்கள் நாம். அவர்கள் தப்பித்து வந்து சேர்ந்த இடம் நம் சிறைக்கூடம். 2020இல் கிடைத்த சுதந்திரத்தோடு ஒப்பிட்டால், 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒரு அடி பின்வாங்கியதாகவே எனக்குப் படுகிறது. கதை நடத்துபவர் புதிய பேக்கிரவுண்டுகளை உருவாக்கிக்கொள்ளலாம் என்று அதன் துணைப் புத்தகம் வழி சொல்கிறது, உண்மைதான். ஆனால் எல்லாரும் முதலில் திறப்பது துணைப் புத்தகத்தை அல்ல.

இந்த மனநிலையில்தான் நாங்கள் டேகர்ஹார்ட்டுக்குக் காத்திருந்தோம். 2015 முதல் குரல் நடிகர்கள் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதை மணிக்கணக்கில் ஒளிபரப்பிப் புகழ்பெற்ற கிரிட்டிகல் ரோல் குழுவின் சொந்தப் பதிப்பகம் டாரிங்டன் பிரஸ். அவர்களுடைய விளையாட்டு இது. இரண்டு பன்னிரண்டு முகப் பகடைகளைச் சேர்த்து உருட்ட வேண்டும், ஒன்று நம்பிக்கை, ஒன்று அச்சம். எது பெரிதோ அது கதையின் போக்கை மாற்றும். இங்கே திறன் எண்கள் பிறப்பிலும் ஒட்டவில்லை, தொழிலிலும் ஒட்டவில்லை. கொடுக்கப்பட்ட ஆறு எண்களை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் கடற்கரைப் பையன் முதல் வேலையாகத் தன் கடலோடிக்கு அறிவில் பெரிய எண்ணைப் போட்டான்.

ஆனால் பாத்திரம் உருவாக்கும்போது இரண்டு அட்டைகளை எடுக்க வேண்டும். ஒன்று வம்சம். இரண்டாவது, நீங்கள் வளர்ந்த சமூகம். ஆங்கிலத்தில் கம்யூனிட்டி.

கதை நடத்திக்கொண்டிருந்தவன் நான். விதியில் உள்ளபடி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். “சரி, வம்சம் ஆச்சு. அடுத்து, உன் கம்யூனிட்டி என்ன?”

மேசை ஒரு நொடி உறைந்தது, பிறகு வெடித்துச் சிரித்தது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடப் படிவத்தில், வேலை விண்ணப்பத்தில், வீடு வாடகைக்குக் கேட்கும்போது கொஞ்சம் சுற்றி வளைத்து. தமிழாக்கித் தப்பிக்கலாம் என்றாலும் முடியவில்லை. ‘சமூகம்’ என்றாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. ‘சாதி’ என்ற சொல்லோ ஒரு காலத்தில் வெறும் வகையைக் குறித்தது, தொல்காப்பிய மரபியலில் நீரில் வாழும் உயிர்களுக்குக்கூட அது வருகிறது. இன்று அதை வாயில் எடுத்தால் மீன் ஞாபகம் வராது.

டேகர்ஹார்ட்டில் ஒன்பது சமூகங்கள். கடலோரச் சமூகத்தின் அட்டை அருமையானது. நீங்கள் உருட்டும்போது அச்சம் மேலோங்கினால் அட்டையில் ஒரு வில்லை வைக்க வேண்டும், பிறகு தேவையான நேரத்தில் அந்த வில்லையைச் செலவழித்து எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். பின்வாங்கும் அலை திரும்பி வரும் என்ற அனுபவத்தை விதியாக எழுதிய வடிவமைப்பாளருக்கு ஒரு சல்யூட். வலிமை, லாவகம் என்று உடம்பை மட்டும் பார்க்காமல், கடல் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதை அது பார்க்கிறது. உயர்குலச் சமூகத்தின் அட்டையோ இன்னும் வெளிப்படையானது. பிரபுக்களோடு பழகுவதில், பேரம் பேசுவதில், பெயரைச் சொல்லிக் காரியம் சாதிப்பதில் அனுகூலம். அந்த விதியின் பெயரே ‘பிரிவிலெஜ்’. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதைப் பிரபுவின் அறிவாகவும் வசீகரமாகவும் எழுதியது. டேகர்ஹார்ட் அதைச் சலுகை என்றே அச்சடித்திருக்கிறது. இரண்டு புத்தகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஒரு இடத்தில் காட்டச் சொன்னால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

குறை இல்லாமலில்லை. ஒன்பது அட்டையிலும் வரவு மட்டும்தான். உயர்குலத்துக்கு அனுகூலம் உண்டு. அந்த அனுகூலத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்கு அட்டை இல்லை. இதை நான் சொன்னபோது கோஷ்டி இரண்டாகப் பிரிந்தது. “மறுக்கப்படுறதுக்கும் ஒரு கார்டு போடணும்கிறியா?” என்று கேட்டார் எங்கள் டீச்சர் அக்கா. “அத நாங்க வாரம் பூரா ஆடுறோம் தம்பி. ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரமாவது நான் மந்திரவாதியா இருந்துட்டுப் போறேன்.”

இது லேசான வாதம் இல்லை. ஃபேண்டஸியைத் தப்பித்தல் என்று திட்டுகிறவர்கள் யாருக்குத் தப்பிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. தீட்டுக்கு ஒரு எண் கொடுத்து, பகடை உருட்டி, அதை ‘யதார்த்தம்’ என்று பீற்றிக்கொள்ளும் விளையாட்டு எனக்கும் வேண்டாம். ஆனால் அக்கா விரும்பும் அந்த நாலு மணி நேரம் புத்தகத்தால் மட்டும் கிடைத்துவிடாது, ஏனென்றால் நாங்கள் தமிழில் ஆடுகிறோம்.

ஆங்கிலத்தில் கோட்டைக் காவலன் எல்லாரையும் ‘யூ’ என்பான். தமிழில் அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முடிவெடுத்தாக வேண்டும். நீயா, நீங்களா? வாவா, வாங்களா? உயர்குல எல்ஃபிடம் “வாங்க, உள்ள வாங்க” என்றும், கடலோடியிடம் “எங்கடா போற?” என்றும் என் காவலன் பேசுகிறான். விதிப்புத்தகம் அப்படிப் பேசச் சொல்லவில்லை. அட்டையில் எழுதாத செலவைத் தமிழ் நாக்கு தானாக எழுதிவிடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2022இல் ரேடியன்ட் சிட்டாடல் தொகுப்பில், வங்காளத்திலிருந்து மிமி மண்டல் போன்றவர்களை எழுதவைத்து, நம் பக்கத்து ஆறும் காடும் பெயரும் உள்ள உலகங்களைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் நிலமும் உடையும் நம்முடையதாக இருந்தால் போதாது. அந்த நிலத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது மேசையில்தான் தீர்மானமாகிறது.

இதற்கு நம்மிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜாவுக்குக் கட்டியம் சொல்லி வரவேற்பவனும் அவன்தான், அடுத்த நிமிஷம் அதே ராஜாவைக் கிண்டல் செய்து ஜனங்களைச் சிரிக்கவைப்பவனும் அவன்தான். கதையை நகர்த்துவான், சபைக்கு விளக்குவான், மரியாதையைக் கலைத்துப்போடுவான். கதை நடத்துபவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. என் காவலன் இப்போது எல்ஃபையும் “எங்கடா போற?” என்றுதான் கேட்கிறான். எல்ஃப் ஆடுகிறவனுக்கு முதல் தடவை நிஜமாகவே முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எந்தக் காலத்துச் சொத்து என்று அவனே யோசிக்கட்டும்.

ஆகவே என் தீர்ப்பு: டேகர்ஹார்ட்டை வாங்குங்கள். அது குறையற்றது என்பதால் அல்ல. பிறப்பு என்ன தருகிறது என்பதை எண்ணுக்குள் ஒளித்துவைக்காமல் அட்டையில் எழுதி மேசைமேல் வைக்கிறது. வெளிச்சத்தில் இருக்கும் விதியோடு சண்டை போடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதாக இருந்தால், கடலோடிக்கும் விவசாயிக்கும் ஆறு திறன்களில் எந்த மூன்றை வேண்டுமானாலும் கொடுங்கள். அதனால் எந்த உலகமும் இடிந்துவிடாது.

டேகர்ஹார்ட்டிலும் நாங்கள் ஒரே ஒரு விதியைச் சேர்த்திருக்கிறோம். உயர்குல அட்டையின் சலுகையை எடுக்கலாம், தடையில்லை. ஆனால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும், அதனால் வரிசையில் பின்னே தள்ளப்பட்ட ஒருவரை ஆடுகிறவரே சொல்ல வேண்டும்: அவர் பெயர், அவர் என்ன வேலையாக அங்கே வந்திருந்தார். மருந்து வாங்க வந்த கிழவி, படகுக்கு அனுமதிச் சீட்டு கேட்டு நின்றவன், மகனைச் சிறையிலிருந்து மீட்க வந்த தையல்காரர். அப்படிச் சேர்ந்த பெயர்கள் என் நோட்டில் இப்போது இரண்டு பக்கம் இருக்கின்றன. அடுத்த கதையை அவர்களை வைத்துத்தான் நடத்தப்போகிறேன்.