கேட்காமலே எடை போடும் விளையாட்டு

‘சைலன்ட் ஹில் 2’ விளையாட்டில் நாயகன் ஜேம்ஸ் சண்டர்லேண்டிடம் ஒரு கத்தி வந்து சேரும். தற்கொலை எண்ணத்தோடு ஏஞ்சலா என்ற பெண் கையில் வைத்திருந்து, பிறகு போட்டுவிட்டு ஓடிப்போன கத்தி அது. அதைக் கொண்டு எந்தப் பிசாசையும் குத்த முடியாது. எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்த்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் விளையாட்டு அதைக் குறித்துக்கொள்கிறது. பல மணி நேரம் கழித்து ஜேம்ஸ் தன் காரோடு ஏரிக்குள் இறங்கிச் சாகிறான் என்றால், நீங்கள் அந்தக் கத்தியை எடுத்துப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கொனாமியின் ‘டீம் சைலன்ட்’ குழு 2001இல் பிளேஸ்டேஷன் 2க்காக உருவாக்கிய விளையாட்டு இது. திகில் விளையாட்டுக்குப் பல முடிவுகள் வைப்பது அப்போதே பழகிப்போன வழக்கம்தான். 1995இன் ‘கிளாக் டவர்’ அதைச் செய்திருந்தது; இதே குழுவின் முதல் ‘சைலன்ட் ஹில்’ 1999இல் செய்தது. எந்தக் கணக்கில் ஒரு முடிவைக் கொடுப்பது என்பதில்தான் இரண்டாம் பாகம் தனியாக நிற்கிறது.

கதையை உடைக்காமல் இதைப் பேச முடியாது. நோயில் இறந்து மூன்று ஆண்டுகளான மனைவி மேரியின் பெயரில் வந்த கடிதத்தை நம்பி ஜேம்ஸ் சைலன்ட் ஹில் என்ற ஊருக்கு வருகிறான். ஏரிக்கரை ஹோட்டலின் 312ஆம் அறையில் ஒரு வீடியோ நாடா ஓடுகிறது. நோய்ப்படுக்கையில் கிடந்த மேரியைத் தலையணையால் அழுத்திக் கொன்றது ஜேம்ஸ்தான் என்று அப்போது தெரிகிறது. எப்படி ஆடினாலும் இது மாறாது. கொன்றவன் அதற்குப் பிறகு என்ன ஆகிறான் என்பது மட்டுமே பிரிகிறது: லாரா என்ற சிறுமியோடு ஊரைவிட்டு வெளியேறலாம் (‘லீவ்’), ஏரியில் மூழ்கலாம் (‘இன் வாட்டர்’), மேரியின் சாயலில் வந்த மரியாவோடு கிளம்பலாம் (‘மரியா’). முதல் முறை ஆடுபவருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். கடந்த காலத்தைத் திருத்த இடம் தராமல் எதிர்காலத்தை மட்டும் திறந்து வைத்தது இந்த விளையாட்டின் மிகப் பெரிய நேர்மை என்று நினைக்கிறேன். ‘லீவ்’ முடிவிலும் ‘இன் வாட்டர்’ முடிவிலும் மேரியின் அதே கடைசிக் கடிதம்தான் வாசிக்கப்படுகிறது. ஒன்றில் அது விடுதலை தருகிறது, மற்றொன்றில் சாகப்போகிறவனின் காதில் விழுகிறது. சொற்கள் மாறவில்லை, கேட்பவன் மாறிவிட்டான்.

இந்தப் பிரிவு எங்கே நிகழ்கிறது என்று தேடினால் ஒரு கிளைச்சாலையும் தென்படாது. ‘மன்னிப்பாயா, மாட்டாயா’ என்று திரை கேட்பதில்லை. அடிபட்டவுடன் மருந்து எடுக்கிறீர்களா, ரத்தம் வழியவே நடக்கிறீர்களா. மேரியின் புகைப்படத்தை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறீர்களா. மரியாவை விட்டு முன்னால் ஓடுகிறீர்களா. மருத்துவமனையில் படுத்திருக்கும் அவளைத் திரும்பப் போய்ப் பார்க்கிறீர்களா. இதையெல்லாம் விளையாட்டு பார்த்துக்கொண்டே இருக்கிறது. தன்னையே ஏமாற்றிக்கொண்டு வாழும் ஒருவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது. தான் யார் என்பதை ஜேம்ஸ் வாயால் சொல்லமாட்டான். அவனுடைய பழக்கங்கள் காட்டிக்கொடுக்கும். அந்தப் பழக்கங்கள் நம்முடையவையாக இருப்பதில்தான் திகில் இருக்கிறது.

பின்னால் வந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2008இன் ‘சைலன்ட் ஹில்: ஹோம்கமிங்’ மூன்று வெளிப்படையான கேள்விகளில் முடிவைத் தொங்கவிட்டது: தாயைக் கொன்று வேதனையிலிருந்து விடுவிப்பதா, தந்தையை மன்னிப்பதா, துணைக்கு வந்தவரைக் காப்பாற்றுவதா. கேள்வி வந்த கணமே நாம் நாயகனை மறந்து தேர்வு எழுதுகிறவர்களாகிவிடுகிறோம். 2009இன் ‘ஷாட்டர்டு மெமரீஸ்’ ஆடுபவரின் மனதை ஆராய்வதாக ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுகிறது. அறிவித்தபின் யார்தான் இயல்பாக நடப்பார்கள்?

ஆனால் கேட்காமல் தீர்ப்பு சொல்கிறவர் தவறாகவும் தீர்ப்பு சொல்லலாம். கத்தியையே எடுத்துக்கொள்வோம். கையில் கிடைத்த பொருளையெல்லாம் எடுத்துப் பார்ப்பது இவ்வகை விளையாட்டுகளை ஆடுகிறவரின் இயல்பு. புதிருக்கான துப்பு அதில் ஒளிந்திருக்கலாம். அந்த ஆர்வத்தை விளையாட்டு சாவின் மீதான ஈர்ப்பாகப் படிக்கிறது. மருந்து விஷயம் இன்னும் சிக்கல். 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ முதல் இந்த வகை விளையாட்டுகள் நமக்குக் கற்றுக்கொடுத்ததே சிக்கனம்தான்: குண்டை எண்ணிச் சுடு, மருந்தைக் கடைசிவரை காப்பாற்று. அப்படிக் காயத்தோடு நடப்பவர் பிழைக்க ஆசைப்பட்டே அப்படி நடக்கிறார். விளையாட்டோ அவரை உயிரில் பற்றில்லாதவர் என்று முடிவுகட்டுகிறது. பை நிறைய மருந்து இருந்தும் எடுக்காதவரை மட்டும் கணக்கில் சேர்த்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்திருக்கும். அது தொழில்நுட்பத்துக்கு எட்டாத காரியமும் இல்லை.

இவ்வளவு தவறாகப் படித்தும் விளையாட்டு குலைவதில்லை. எந்த முடிவு வந்தாலும் இவன் இப்படித்தான் போவான் என்று நம்பும்படி ஜேம்ஸ் எழுதப்பட்டிருக்கிறான். முதல் பாகத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே மருத்துவமனைத் தரையில் சிந்திக் கிடக்கும் சிவப்பு திரவத்தை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால்தான் பிறகு சிபில் என்ற காவலரைக் காப்பாற்ற முடியும். அது எதற்கு என்று முதல் முறை ஆடுபவருக்குத் தெரிய வழியே இல்லை. கண்ணில் படாததற்காக ஓர் உயிர் போவதில் திகிலும் இல்லை, நியாயமும் இல்லை. போதாக்குறைக்கு 2003இன் மூன்றாம் பாகம், அந்த முதல் பாகத்தின் நாயகன் ஹாரி உயிர் பிழைத்து ஒரு குழந்தையை வளர்த்தான் என்று கதையைத் தொடர்ந்தது. முதல் பாகத்தில் காருக்குள் அவன் செத்துக்கிடக்கும் முடிவைப் பார்த்தவர்களின் ஆட்டம் ஒரேயடியாகச் செல்லாமல் போனது. ஜேம்ஸுக்கு அந்தக் கதி நேரவில்லை. 2004இன் நான்காம் பாகத்தில் அவன் தந்தை ஃபிராங்க் வருகிறார். அவருடைய மகனும் மருமகளும் சைலன்ட் ஹில்லில் காணாமல் போனார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இரண்டாம் முறை ஆடும்போதுதான் உண்மையான சரிவு. விதிகள் தெரிந்துவிட்டால் கத்தியைப் பார்ப்பது ஒரு வேலையாகிவிடுகிறது. முதல் முறையில் கிடைக்காத ‘ரீபர்த்’ முடிவுக்கு நடத்தை தேவையே இல்லை. ஊரெங்கும் கிடக்கும் நான்கு பொருள்களைச் சேர்த்தால் போதும். இறந்தவளை எழுப்பத் துடிக்கும் ஒருவனின் வெறி, பட்டியலைச் சரிபார்க்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு நாய் இயக்கியதாகக் காட்டும் வேடிக்கை முடிவைப் பற்றி எனக்குக் குறை இல்லை. கதையைச் சுமந்து முடித்தவருக்கே அது திறக்கிறது.

புளூபர் டீம் 2024இல் வெளியிட்ட மறு ஆக்கம் மறைந்து கவனிக்கும் அந்த முறையைக் கைவிடவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கூடுதலாக வந்த ‘பிளிஸ்’, ‘ஸ்டில்னெஸ்’ என்ற இரு முடிவுகளும் ஒருமுறை முடித்துவிட்டுத் திரும்ப ஆடுபவருக்கு, தேடி எடுக்க வேண்டிய பொருள்கள் இல்லாமல் கிடைப்பதில்லை. ‘ரீபர்த்’ போட்ட தடத்திலேயே இன்னும் இரண்டு. அந்த உழைப்பை, பயத்தில் மருந்தைப் பதுக்குகிறவரையும் வாழ்க்கை வெறுத்தவரையும் பிரித்து அறிவதில் செலவிட்டிருந்தால் மூல விளையாட்டின் ஒரு பெரிய பிழை இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகாவது திருந்தியிருக்கும்.