பழைய இசைத்தட்டுக் கருவிகளும் மீட்டமைப்பின் நியாயமும்

பழம்பொருள் சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கன்று. கடந்த காலத்தை மதிப்பிடும் ஒரு முறையுமாகும். எனவே அதுவும் திறனாய்வுக்கு உரியதே. பழைய இசைத்தட்டுக் கருவிகளைத் தேடி வாங்கிப் பழுது நீக்குவோரின் முயற்சியை இந்நோக்கில் ஆராய, இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் உற்பத்தியாகி 1954இல் விற்பனைக்கு வந்த கராட் 301 தக்க சான்றாகும்.

இக்கருவியில் மோட்டாரின் சுழற்சியை இறப்பர் விளிம்புடைய இடைச்சில்லொன்று கனத்த சுழல்தட்டுக்குக் கடத்துகின்றது. ஆண்டுகள் செல்ல இறப்பர் இறுகும், மசகு உலரும், மோட்டாரின் அதிர்வு உறுமலாக இசையோடு கலக்கும். இவற்றைச் சீர்செய்யாது மேற்பூச்சை மட்டும் மெருகிடுவது மீட்டமைப்பாகாது. எனினும், புதிய உறுப்பைப் பொருத்தியதும் கருவியின் மூலத்தன்மை கெட்டுவிட்டதென வருந்துவோர் உளர். அவர்கள் கூறும் மூலம் யாது? முதலில் வெளிவந்த 301 கருவிகளின் அச்சுத்தாங்கி கிரீசினால் மசகிடப்பட்டது. பின்னர் வந்தவற்றில் எண்ணெய் இடம்பெற்றது. அடிப்பெட்டியும் ஊசிப்புயமும் இன்றியே அது விற்கப்பட்டது; வாங்கியவரே அவற்றை அமைத்துக்கொண்டனர். ஆகவே மாறாத ஒரே மூலவடிவம் என்பது பிற்காலத்தார் கற்பித்ததே.

எமில் பேர்லினர் ஐக்கிய அமெரிக்காவில் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1887இல். சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்ததும் அதே ஆண்டிலேயே. இது தற்செயலே, எனினும் ஒப்புநோக்கத் தக்கது. ஏட்டின் பழமையை மட்டும் போற்றிப் பேழையில் வைத்திருந்தால் அந்நூல் வாசகரை எட்டியிராது. அதேவேளை, பாடத்தைத் திருத்தும் பதிப்பாசிரியன் தான் திருத்தியதைச் சுட்டவும் கடமைப்பட்டவன். மீட்டமைப்போனுக்கும் இவ்விரு கடமைகளும் உள: கருவியை இயங்கச் செய்தல் வேண்டும், கழற்றிய உறுப்பைப் பேணி, செய்த மாற்றத்தைக் குறித்து வைத்தலும் வேண்டும்.

இது வெறும் தொழில்நுட்பச் சர்ச்சையன்று. 1948இல் நெடுநேர இசைத்தட்டு அறிமுகமாகும்வரை, அரை நூற்றாண்டுக் காலக் குரல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்று வேகத்தில் அரக்குத் தட்டுகளிலேயே பதிவாயின. 301 இவ்வேகத்திலும் சுழலும். 1972இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 கருவிக்கு 33⅓, 45 என்னும் இரு வேகங்களே இருந்தன. அரக்குத் தட்டின் அகன்ற தவாளிப்புக்கு ஏறத்தாழ 0.076 மில்லிமீற்றர் அகலமுள்ள ஊசிமுனையும் வேண்டும். மின்னணுப் பிரதி போதாதா எனலாம். அப்பிரதியை எடுப்பதற்கும் பெரும்பாலும் சீராகச் சுழலும் கருவியொன்று தேவைப்படுகின்றது.

ஆகவே, கண்ணாடிப் பேழையுள் உறுப்புக் குறையாது ஊமையாயிருக்கும் கருவியினும், மாற்றுச் சில்லுடன் மறைந்த பாடகனின் குரலை எழுப்பும் கருவியே மேலானது. முன்னது உடைமையாளனின் பெருமையைக் கூறும். பின்னதோ வரலாற்றைப் பேசவைக்கும்.