அசாமிய மொழி: ஓர் அறிமுகத்தின் போதாமை

இந்திய மொழிகளைப் பற்றி வகுப்பறையில் கூறும்பொழுது, அசாமியத்தை 'வங்காளத்தை ஒத்த மொழி' என ஒரே தொடரில் அறிமுகப்படுத்திவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. இரண்டும் இந்தோ-ஆரியத்தின் கீழைக் கிளையைச் சார்ந்தவை. எழுத்துருவும் பெரும்பாலும் பொதுவானது. எனவே இக்கூற்றில் பிழையில்லை. எனினும், இதனையே முழு அறிமுகமாகக் கொள்ளுதல் தகாது என்பது நம் கருத்து. இவ்வுறவைக் காட்டியே அம்மொழியின் தனித்தன்மை ஒருகாலத்தில் மறுக்கப்பட்டது.

1826ஆம் ஆண்டு யாண்டபோ உடன்படிக்கைக்குப் பின் அசாமை ஆண்ட ஆங்கிலேயர், 1836இல் அங்குள்ள நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காளத்தைப் புகுத்தினர். அசாமியம் வங்காளத்தின் கிளைமொழியே என்னும் வாதம் அதற்குத் துணைநின்றது. ஆனந்தராம் டெகியால் புகன் 1855இல் இதனை மறுத்து நூலெழுதினார். சிவசாகரில் அமெரிக்கப் பாப்டிஸ்டு சமயப் பணியாளர் 1846இல் தொடங்கிய 'அருணோதய்' இதழ் புதிய உரைநடைக்குக் களமாயிற்று. 1873இல்தான் அசாமியம் தன் இடத்தை மீளப் பெற்றது.

மொழியியற் சான்றுகளும் அவ்வாதத்திற்கு எதிரானவையே. வங்காளம் பல்லொலிகளையும் நாவளை ஒலிகளையும் வேறுபடுத்தும். அசாமியத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. மேலும், சகர வகை எழுத்துகள் பல இடங்களில் 'அகம்' என்னும் தமிழ்ச் சொல்லின் ககரத்தை ஓரளவு ஒத்த உரசொலியாகின்றன. ஆதலின், அம்மக்கள் தம் மொழியை ஏறத்தாழ 'ஒகொமியா' என்றே ஒலிக்கின்றனர். 14ஆம் நூற்றாண்டில் மாதவ கந்தளி பாடிய இராமாயணமும், சங்கரதேவரின் (1449–1568) 'கீர்த்தன கோஷா'வும், அகோம் அரசர் காலத்துப் 'புரஞ்சி' எனும் வரலாற்று உரைநடையும் அம்மொழியின் தொன்மரபை மெய்ப்பிக்கின்றன.

ஆயினும், வரலாற்றை இவ்விடத்திலேயே நிறுத்துவது ஒருதலைப் பார்வையாகும். 1960இல் அசாமியம் மாநில ஆட்சிமொழியாக்கப்பட்டதை வங்காளம் பேசும் பராக் பள்ளத்தாக்கு எதிர்த்தது. 1961 மே 19 அன்று சில்சாரில் காவலர் சுட்டதில் 11 பேர் மாண்டனர். பின்னரே அப்பகுதியில் வங்காளத்திற்கு ஆட்சிமொழி இடம் கிட்டியது. திணிப்பால் துன்புற்ற மொழியே திணிக்கும் மொழியாகவும் கருதப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் இந்தியாவில் ஏறத்தாழ 1.53 கோடியர், எனினும், அசாம் மாநில மக்களுள் அவர்கள் ஏறத்தாழ 48 விழுக்காட்டினரே.

2004இல் தமிழ் பெற்ற செம்மொழித் தகுதியை 2024 அக்டோபரில் அசாமியமும் வங்காளமும் ஒருங்கே பெற்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கும் வழக்கத்தை நாம் இனியேனும் கைவிடல் வேண்டும். இம்மொழிகளின் உறவை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், 1836ஐயும் 1961ஐயும் சேர்த்தே எடுத்துரைத்தல் முறையாகும்.