மரபு காத்த மௌனம்

ஆங்கில மேன்மக்களின் பழைய வாழ்க்கையைச் சித்திரிக்கும் திரைப்படங்களிலே பாத்திரங்கள் தம் உள்ளத்தை வாய்விட்டு உரைப்பது அரிது. இஃது அவ்வினத்தாரின் இயல்பெனக் கூறி அமைவார் பலர். இயல்பன்று, பயிற்சியே என்பதைத் தெளிவுறக் காட்டுவது, 1993 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஐவரி நெறிப்படுத்திய 'த றிமெயின்ஸ் ஒவ் த டே' என்னும் படம். கசுவோ இஷிகுரோ 1989 இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அது.

டார்லிங்டன் பிரபுவின் மாளிகையிலே பட்லராகப் பணிபுரியும் ஸ்டீவன்ஸ், மாடியில் தந்தை உயிர்நீத்த செய்தி கேட்டும் விருந்தினர்க்குப் பணிசெய்வதை நிறுத்தினானல்லன். மனைப்பணிகளை மேற்பார்க்கும் கென்டன் தனித்திருந்து அழுகையில் உட்புகுந்தவன், ஆறுதலாக ஒரு சொல்லேனும் கூறாது, ஓரிடத்தில் தூசி துடைக்கப்படவில்லை என்று சொல்லி மீள்கிறான். எனினும் அவனைக் கல்நெஞ்சன் என வெறுத்தல் நமக்கு இயலவில்லை. சொல்ல வந்தது வேறு என்பதை அன்ரனி ஹொப்கின்ஸின் கண்கள் காட்டிவிடுகின்றன. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் இதனை எதில் அடக்குவது? மறைக்கும் முயற்சியே இங்கு மெய்ப்பாடாகின்றது. அவன் மார்போடணைத்து மறைக்கும் நூலை எம்மா தொம்சன் நடிக்கும் கென்டன் விரல் விரலாக விலக்கிப் பறிக்கிறாள். பார்த்தால், அது வெறும் காதற்கதை! அப்பொழுதும் அவன், மொழியறிவை வளர்க்கவே படிப்பதாகச் சாதிக்கிறான்.

இம்மட்டோடு நின்றிருப்பின் இது நிறைவேறாக் காதற்கதைகளுள் ஒன்றாகவே முடிந்திருக்கும். கதை நிகழ்வது பெரும்பாலும் 1930களில். நாஜி ஜேர்மனியோடு நட்புப் பூண விழைந்த பிரபு, யூதர் என்னும் காரணத்தால் பணிப்பெண்கள் இருவரை நீக்குமாறு பணிக்கிறார். கென்டன் கொதிக்கிறாள், ஸ்டீவன்ஸோ அதனை நிறைவேற்றுகிறான். காதலை விழுங்கிய அதே மௌனம் அநீதியையும் விழுங்குகிறது. ஒழுங்கென்றும் கண்ணியமென்றும் அவன் போற்றியது யாருக்குப் பயன்பட்டது என்னும் வினா இங்கேதான் எழுகின்றது.

அவ்வினாவைப் படம் இறுதிவரை விடாது பற்றிற்றென்று கூறுதற்கில்லை. வெள்ளிப் பாத்திரங்களையும் விளக்கொளியையும் பசும்புல்வெளியையும் காமரா மிகவும் நேசிக்கிறது. நம் தீர்ப்பும் அவ்வழகில் சற்றே மயங்குகிறது. நாவலின் முடிவிலே, வெய்மத் கடற்கரையில் முன்பின் அறியாத ஒருவரிடம், பிரபுவாவது தம் பிழைகளைத் தாமே தெரிந்தெடுத்தார், தனக்கு அதுவும் வாய்க்கவில்லை என்று ஸ்டீவன்ஸ் உடைந்து கூறுகிறான். படத்தில் அவ்விடம் இல்லை. மழையிலே பஸ்ஸேறிச் செல்லும் கென்டனின் கை அவன் கையினின்றும் நழுவுகின்றது. நெஞ்சை உருக்கும் காட்சிதான். ஆயினும் அது காதலின் இழப்பை மாத்திரமே கூறுகிறது.