ஒளிப்படத் திறனாய்வு: குற்றமும் குணமும்

நூலுக்குரிய குற்றங்கள் பத்தெனக் கூறிய நன்னூலார், அவ்வளவில் அமையாது அழகுகளும் பத்தெனக் கூறினார். குற்றங் காண்பவன் குணங் காணவும் கடப்பாடுடையவன் என்பது இதனாற் பெறப்படும். நூலுக்குக் கூறிய இம்முறை ஏனைய கலைகளுக்கும் பொருந்துவதே. எனினும், ஒளிப்படக் கலையிற் புதிதாகப் புகுந்தோரின் ஆக்கங்களை மதிப்பிடும்போது இது பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. ‘நன்று’ என்னும் ஒரு சொல்லோடு அமைவாரும், ‘தெளிவில்லை’ என்று தள்ளுவாரும் படமெடுத்தவனுக்கு யாதும் உதவியவராகார். அவன் அடுத்த படத்தை எவ்வாறு எடுத்தல் வேண்டும் என்பதை இரு சாராருமே கூறவில்லை.

‘தெளிவில்லை’ என்னும் அவ்வொரு குற்றச்சாட்டையே எடுத்து ஆராய்தல் பயனுடையது. ஒளிப்பட வரலாற்றில் அது இருவர்பாற் சென்ற விதம், நல்ல திறனாய்வு யாது, அல்லாதது யாது என்பதைத் தெளிவுபடுத்தும்.

முதலாமவர் ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார். 1833ஆம் ஆண்டில் இலங்கையிற் செய்யப்பட்ட சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புரூக் – கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமரன் இவருடைய கணவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்த அம்மையார் 1879இல் இங்கேயே காலமானார். 1863ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டே இவர் இக்கலையைத் தொடங்கினார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம்பிடித்து முடிக்கவேண்டிய காலம் அது. படத்துக்கு இருப்பவரும் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையாரின் படங்களில் முகத்தின் விளிம்புகள் மங்கின. தகடுகளிற் கறையும் கீறலும் காணப்பட்டன. அக்கால ஒளிப்பட இதழ்கள் இவையிரண்டையும் வேறுபாடின்றி எள்ளித் தொழிலறியாதவர் என அவரைப் பழித்தன.

அவ்விதழ்கள் கூறியவற்றுள் ஒரு பாதி உண்மையே. கறையும் கீறலும் கையின் பிழைகள். அவற்றைத் தவிர்க்கும் வழியைக் கூறியிருப்பின் அது பேருதவியாய் இருந்திருக்கும். மங்கலோ கண்ணின் தெரிவு. 1867இல் அவர் எடுத்த, வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலின் படத்தை நோக்குவார்க்கு இது புலனாகும். இருளினின்றும் ஒரு முதிய முகம் எழுகின்றது. வெண்மயிர் கலைந்து கிடக்கின்றது. ஆடையும் பின்னணியும் இருளில் மறைய, பார்ப்பவர் நெஞ்சைக் கண்களே பற்றிக்கொள்கின்றன. ஆடையின் இழைகள் எண்ணத்தக்கவாறு தெளிந்திருப்பின் அம்முகம் இத்துணை ஆற்றல் பெற்றிராது. கையின் பிழையையும் கண்ணின் தெரிவையும் பகுத்தறியாமையே அவ்விதழ்களின் குறை. இலண்டன் தென் கென்சிங்ரன் அரும்பொருட்சாலை 1865இலேயே இவருடைய படங்களை வாங்கியமை, வேறுபட நோக்கியோரும் அன்றே இருந்தனர் என்பதைக் காட்டும்.

மற்றையவர் அமெரிக்கரான போல் ஸ்ராண்ட் (1890 – 1976). நியூ யோர்க்கிற் பள்ளி மாணவனாயிருந்தபோது லூயிஸ் ஹைன் என்னும் ஆசிரியரிடம் இவர் படமெடுக்கக் கற்றார். ஐந்தாம் அவெனியூவில் 291ஆம் இலக்க இல்லத்தில் அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் நடத்திய கலைக்கூடத்துக்கு மாணவரை அழைத்துச் சென்றவரும் அவ்வாசிரியரே. பின்னர் ஸ்ராண்ட் தம் படங்களை ஸ்ரீக்லிற்ஸிடம் அவ்வப்போது கொண்டுசென்று காட்டலானார். அவை மங்கலான உருவைத் தரும் வில்லையால் எடுக்கப்பட்டவை. அதுவே அக்கால வழக்கு. அவ்வழக்குக்கு ஏற்றந் தந்தவர்களுள் ஸ்ரீக்லிற்ஸும் ஒருவர். எனினும் அவர் தயங்காது குறை கூறினார். அவ்வில்லை எல்லாவற்றையும் ஒரே பொருளாற் செய்தனபோலக் காட்டுகின்றது என்றும், புல்லும் நீரும் மரப்பட்டையும் தத்தம் இயல்பை இழந்துவிடுகின்றன என்றும் அவர் கூறியதைப் பிற்காலத்தில் ஸ்ராண்ட் நினைவுகூர்ந்தார். வில்லையின் துவாரத்தைச் சுருக்கிப் பார்க்குமாறும் ஸ்ரீக்லிற்ஸ் அறிவுறுத்தினார்.

இவ்வறிவுரையில் மூன்று சிறப்புக்களைக் காணலாம். படத்தைப் பற்றியன்றி எடுத்தவரைப் பற்றி அது யாதும் கூறவில்லை. குறை இன்னதென்பதோடு, அதனாற் படம் இழந்தது இன்னதென்பதையும் கூறிற்று. கையிலுள்ள கருவியைக் கொண்டே மறுநாட் செய்து பார்க்கத்தக்க வழியொன்றையும் காட்டிற்று. பயனும் விளைந்தது. 1915இல் ஸ்ராண்ட் எடுத்த ‘வோல் ஸ்ரீற்’ என்னும் படத்தில், வங்கிக் கட்டடத்தின் பெரிய கரிய சாளரங்களின் கீழ் மக்கள் நீண்ட நிழல்களோடு சிற்றுருவினராய்ச் செல்கின்றனர். கல்லின் கனம் கல்லாகவே தோன்றுகின்றது. 1916இல் ஸ்ரீக்லிற்ஸ் தம் கூடத்தில் ஸ்ராண்டின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். தாம் 1903 முதல் நடத்திவந்த ‘கமரா வேர்க்’ இதழின் இறுதி வெளியீட்டை 1917இல் அவருடைய படங்களுக்கே உரியதாக்கினார். தகுதி வந்தவிடத்துப் பாராட்டிலும் அவர் குறைவைக்கவில்லை.

ஒரே மங்கல் ஓரிடத்திற் குணமாயிற்று, பிறிதோரிடத்திற் குற்றமாயிற்று. அம்மையார் உள்ளத்தின் சாயலை நாடினார். அதற்கு மங்கல் துணைநின்றது. ஸ்ராண்டின் படங்களிலோ பொருள்களின் தனியியல்பை அது மறைத்தது. ஆகவே, படத்தின் நோக்கம் யாதென வினவாது குறை கூறப்புகுதல், நோயை வினவாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

கடற்கரையில் வலையிழுப்போரை மாணவன் ஒருவன் படம்பிடித்து வருகின்றான் என்க. உச்சி வெயிலில் முகங்கள் கறுத்துள்ளன. ஒருவரின் தலைமேல் படகின் பாய்மரம் முளைத்ததுபோல் நிற்கின்றது. அவன் காட்ட விரும்பியது முகங்களையா, வலையை இழுக்கும் உடல்களின் வளைவையா என்பதே ஆசிரியர் முதலிற் கேட்கவேண்டியது. உடல்களையே எனின் முகங்கள் கறுத்தமை குற்றமன்று. நிழலுருவே அவ்வளைவை நன்கு காட்டும். முகங்களையே எனின் காலையிலோ மாலையிலோ மீண்டுஞ் செல்லுமாறு கூறலாம். பாய்மரமோ எந்நோக்கத்துக்கும் இடையூறு. இரண்டடி விலகி நின்றிருப்பின் அது நீங்கியிருக்கும்.

கடுஞ்சொற் கேட்ட இளைஞன் கமராவைப் பெட்டியிற் பூட்டிவிடுதலும் உண்டு. வெறும் புகழ்ச்சி கேட்டவன் நின்ற இடத்திலேயே நின்றுவிடுதலும் உண்டு. இரண்டும் கலைக்கு இழப்பே. காரணத்தோடும் வழியோடும் கூறப்படும் குறை அவனை மீண்டும் கடற்கரைக்கு அனுப்பும். கூறியவரின் தகுதி, அவன் அங்கிருந்து கொண்டுவரும் அடுத்த படத்திலே தெரியும்.