திகிற்படச் சுவரொட்டியும் ஆராய்ச்சியும்

திகிற்படம் ஒன்றிற்குச் சுவரொட்டி வரைவது எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். கத்தி ஒன்று, குருதித் துளி சில, கதாநாயகனின் சினந்த முகம். இவை இருந்தாற் போதும் என்பது அன்னார் கருத்து. இது பிழைபட்ட கருத்தாகும். சுவரொட்டியாவது வழிச்செல்வோனுக்குக் கொடுக்கும் வாக்கு. வாக்குக் கொடுப்போன் தான் தரப்போவது யாதென முதலில் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

1975-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜாஸ்' என்னும் அமெரிக்கப் படத்தின் சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். பீட்டர் பெஞ்ச்லி 1974-இல் வெளியிட்ட நாவலின் மலிவுப் பதிப்பிற்கு ரோஜர் காஸ்டல் என்னும் ஓவியர் வரைந்த அட்டைப்படமே, பின்னர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படத்திற்கும் உரியதாயிற்று. ஓவியர் தூரிகையைத் தொடுமுன் நூலைப் படித்தார். பல நிகழ்ச்சிகளுள் ஒன்றை மட்டும், அதாவது தொடக்கத்தில் வரும் கடற்குளியலை மட்டும், தேர்ந்தார். நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகஞ் சென்று, ஆங்கிருந்த சுறா உருவங்களை நிழற்படம் பிடித்தார். ஒரு பெண்ணை நீந்தும் பாவனையிற் கிடத்தியும் படமெடுத்தார். அதன் பின்னரே வரைந்தார்.

உழைப்பின் பயனைக் காண்க! மேலே நீந்துகிறாள் ஒருத்தி. கீழிருந்து நிமிர்ந்தெழுகிறது பல் நிறைந்த வாய். அவள் அறியாள், நாம் அறிவோம். இரண்டிற்கும் இடையேயுள்ள சிறிதளவு நீரே நம்மை நடுங்கச் செய்கிறது.

நிற்க. இதன்கண் குறையும் உண்டு. பெண்ணை ஆடையின்றி வரைந்தது ஏன் எனின், கதையில் அவ்வாறே உளது என்பர். கதையில் அவள் நீந்துவது இரவில். சுவரொட்டியிலோ பகலொளி வீசுகிறது. காட்சி விளங்கும்பொருட்டு இருளை மாற்றத் துணிந்தவர், ஆடையின்மையை மட்டும் மாற்றாது வைத்தது கதையின்மீதுள்ள பற்றாலா? கடைச்சரக்கு விலைபோகவேண்டும் என்னும் நினைவே அங்கு வேலை செய்தது என்பது எமது துணிபு. மேலும், சுறாவின் உருவம் இயற்கை அளவை மிகவும் கடந்து நிற்கிறது. கதை பரப்பிய அச்சத்தைக் கண்டு பெஞ்ச்லியே பிற்காலத்தில் வருந்தி, 2006-இல் மறையும்வரை சுறாக்களின் பாதுகாப்பிற்குப் பாடுபட்டார். ஆராய்ந்து கண்ட உண்மையைக் கடைசியில் கைவிட்டால், ஆராய்ச்சியால் விளைந்த நன்மை என்ன?

இதனோடு 1931-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்' என்னும் படத்தின் புகழ்பெற்ற சுவரொட்டியை ஒப்பிடுக. அதில் கொலைஞனும் இல்லை, குழந்தையும் இல்லை. விரித்த கை ஒன்று. உள்ளங்கையில் ஓர் எழுத்து. கொலைஞனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. படத்தில் ஒருவன் அவ்வெழுத்தைச் சுண்ணக்கட்டியாற் கையிலெழுதி, கொலைஞனின் தோளிற் பதிக்கிறான். அதனால் அவன் பிடிபடுகிறான். கதையின் உயிர்நிலையைக் கண்டெடுத்த பின்னர் யாருடைய உடலையும் விலைக்கு வைக்கவேண்டிய தேவை எழவில்லை. இரண்டனுள் இதுவே உயர்ந்தது என்போம்.

நம்மவர் படங்களுக்கும் நாடகங்களுக்கும் விளம்பரம் எழுதும் இளைஞர்காள்! முதலிற் கதையைப் படியுங்கள். அதிலுள்ள ஒரு கணத்தையேனும் ஓர் அடையாளத்தையேனும் தேடுங்கள். வரையும் பொருளை நேரிற் சென்று பாருங்கள். பார்த்ததை மிகைப்படுத்தாது தீட்டுங்கள். உழைத்த கூலியில் காசெடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் தொழிலாளியை ஏமாற்றாத சுவரொட்டியே நல்ல சுவரொட்டி.