கான்டினென்டல் ஜிடி 650: வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் பைக்கா?

ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650, 2018 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதை ஸ்போர்ட்ஸ் பைக் என்று சொல்லப் பலருக்கும் தயக்கம் இருந்தது. 648 சிசி எஞ்சின், 47 குதிரைத்திறன், பெட்ரோல் ஊற்றாமலே 198 கிலோ எடை. வேகத்தை மட்டும் பார்ப்பவர் இந்த எண்களைக் கேட்டதுமே அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போர்டிகோவில் ஸ்பேனரோடு உட்கார்ந்து, இரண்டு மூன்று வருஷம் நிதானமாக ஒரு வண்டியைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ள நினைப்பவரின் கணக்கு வேறு. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு சுலபமாகக் கை போகும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அதற்கு இந்த வண்டி நல்ல பதில் வைத்திருக்கிறது. உடலை மூடும் ஃபேரிங் கிடையாது. ரேடியேட்டரும் கூலன்ட் குழாய்களும் கிடையாது. காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இரட்டை சிலிண்டர் எஞ்சின் எல்லாப் பக்கமும் வெளியே தெரிகிறது. சீட்டையும் டாங்கையும் எடுத்துவிட்டால் ராக்கர் மூடி கைக்கெட்டும். டாப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்து, லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பியே சரிசெய்யலாம். சிலிண்டருக்கு நான்கு வால்வு. ஆக, எட்டு முறை பொறுமை வேண்டும். கேடிஎம் ஆர்சி 390 போன்ற வண்டியில் இதே வேலைக்கு ஷிம்களை அளந்து, சரியான தடிமனில் வாங்கி மாற்ற வேண்டும். வீட்டில் அதையும் செய்யலாம்தான். ஆனால் தேவையான ஷிம் கைக்கு வரும்வரை வண்டி பிரித்தபடியே கிடக்கும்.

எஞ்சினை உடனே தொட வேண்டிய அவசியமும் இல்லை. 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 5,250 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடுகிறது. கிராங்க் 270 டிகிரி அமைப்பு என்பதால் இரு சிலிண்டர்களும் சமமற்ற இடைவெளியில் எரிகின்றன; வி-ட்வின் எஞ்சினின் துடிப்பு அதனால்தான் கிடைக்கிறது. சேஸிஸும் சாதாரணமானதல்ல. அதன் வடிவமைப்பில் கைவைத்த ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ், 1970-கள் முதல் பந்தய வண்டிகளுக்குச் சேஸிஸ் செய்துவந்த பிரிட்டிஷ் நிறுவனம்; 2015-ல் அதை ராயல் என்ஃபீல்டே வாங்கிக்கொண்டது.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? சஸ்பென்ஷனில்.

முன்னால் 41 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பிக் ஃபோர்க். அதன் அசைவு 110 மி.மீ. பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர், 88 மி.மீ. அசைவு. நகரத்துக் குழிகளை ஓரளவு சமாளித்துவிடும். மலைப்பாதையில் வேகத்தைக் கூட்டி, வளைவுக்குள் பிரேக் பிடித்து நுழையும்போதுதான் குறை தெரியும்: முன்பக்கம் சட்டென்று அமுங்குகிறது, பின்பக்கம் ஒரு மேட்டைத் தாண்டியபின் இன்னொரு முறை எழுந்து அடங்குகிறது. இதற்கு முதல் வைத்தியம் காசில்லாதது. ஆள் ஏறாமல் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஓட்டுபவர் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு ஏறி உட்கார, அதே புள்ளியை இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறக்குறைய 29 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் ஷாக்கின் ப்ரீலோட் வளையத்தைச் சி-ஸ்பேனரால் ஒரு படி ஏற்றிவிட்டுத் திரும்ப அளக்கலாம்.

அதிலும் திருப்தி இல்லையென்றால் ஃபோர்க் ஆயிலையும் ஸ்ப்ரிங்கையும் மாற்றலாம். அதற்கு அடுத்த கட்டத்துக்கு ஓலின்ஸ், கே-டெக் போன்ற நிறுவனங்கள் இந்த வண்டிக்கென்றே ஷாக்குகள் விற்கின்றன. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்த ஒரு பக்கத்துக்கு மேலும் கீழுமாக இரண்டே இணைப்புகள். டார்க் ரெஞ்ச் கையில் இருந்தால் ஒரு மதியப்பொழுது போதும். விலைதான் கனம்.

உட்காரும் தோரணையை மாற்றுவது இதைவிட நுணுக்கமான வேலை. கம்பெனி தரும் கிளிப்-ஆன் ஹேண்டில்பார் ஓரளவு உயரத்தில் இருக்கிறது. அதை ஃபோர்க் பிரிட்ஜுக்குக் கீழே இறக்கினால் படத்தில் பார்க்க அட்டகாசம். அண்ணா சாலை சிக்னலில் மணிக்கட்டு அழும். இறக்கியே தீருவது என்றால் வண்டியை ஸ்டாண்டில் வைத்தபடி ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் டாங்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிள் மடங்குகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று மூன்றையும் சோதிக்காமல் தெருவில் இறக்கக் கூடாது.

குறைந்த செலவில் உடனே உணரக்கூடிய மாற்றம் ஸ்ப்ராக்கெட். வண்டியோடு வருவது முன்னால் 15 பல், பின்னால் 38. முன்னதை 16 பல்லாக்கினால், 5,000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு ஏறக்குறைய 4,690 போதும். நெடுஞ்சாலையில் எஞ்சின் இன்னும் அமைதியாக ஓடும். பதிலுக்குச் சிக்னலில் கிளம்பும் துடிப்பு கொஞ்சம் குறையும். பாண்டிச்சேரிக்கு அடிக்கடி போகிறவர் மாற்றலாம், தினமும் கிண்டி நெரிசலில் ஊர்பவர் விட்டுவிடலாம்.

பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சைலன்சரில்தான் ஆரம்பிக்கிறார்கள். கனமான இரட்டைக் குழாய்களைக் கழற்றினால் எடை குறைவது உண்மை. சத்தமும் கம்பீரமாகும். ஆனால் தாராளமாக மூச்சுவிடும் சைலன்சரோடு ஏர் ஃபில்டரையும் மாற்றினால் எஞ்சினுக்குள் காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறைந்துவிடும். அதைச் சரிக்கட்டப் பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் போன்ற கருவியும் டியூனிங் செலவும் சேரும். சட்டம் அதைவிடக் கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. டாங்குக்கு வேறு நிறம் அடித்தால்கூட ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

முழு மாற்றத்தையும் ரசிக்க ஆசைப்பட்டால் அதற்கான இடம் பந்தயத் தடம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 2021-ல் தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கப் பந்தயத்துக்காக இதே வண்டியிலிருந்து உருவானது ஜிடி-ஆர்650. சாலை வண்டியைவிட 24 கிலோ குறைவு என்று நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் ராயல் என்ஃபீல்டின் ‘பில்ட் ட்ரெயின் ரேஸ்’ திட்டத்தில் பெண்கள் ஆளுக்கொரு ஜிடி 650-ஐத் தாங்களே பிரித்துக் கட்டி, 2021-ல் மோட்டோஅமெரிக்கா பந்தயத் தொடரின் தடங்களில் ஓட்டினார்கள். வண்டி விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 2018-ல், கைலா ரிவாஸ் என்ற 18 வயதுப் பெண் மாற்றியமைத்த ஒரு ஜிடி 650-ல் பானவில் உப்புச் சமவெளியில் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். ஆலையில் செய்த சேஸிஸும் எஞ்சினின் அடிப்படையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இவை போதும்.

குறைகளும் உண்டு. ஸ்போக் சக்கரம் கொண்ட வண்டிகளில் டயருக்குள் டியூப்தான். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். 18 அங்குலச் சக்கரம் என்பதால் 17 அங்குலத்தில் குவிந்துகிடக்கும் ஸ்போர்ட்ஸ் டயர் வகைகள் இதற்குப் பொருந்தாது. 12.5 லிட்டர் டாங்க் தூரப் பயணத்துக்குச் சின்னது.

புதிதாக வாங்குவோர் 2023-ல் வந்த அலாய் சக்கர, டியூப்லெஸ் வகையைப் பார்க்கலாம். வீட்டில் செய்யக் கடினமான ஒரு மாற்றம் அதில் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. பழைய வண்டி தேடுவோர், ஏற்கெனவே பளபளவென்று மாற்றப்பட்டதைவிட யாரும் கைவைக்காத வண்டியை எடுப்பது லாபம். மாற்றப்பட்டதுதான் கிடைக்கிறது என்றால் ஒரிஜினல் சைலன்சர், ஸ்ப்ராக்கெட், ஹேண்டில்பார் எல்லாம் பரணில் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவற்றின் விலையை ஸ்பேர்ஸ் கடையில் விசாரித்து, அந்தத் தொகையைக் கழித்துப் பேரம் பேசலாம்.